வளைந்து விழும் மட்டையும் பெட்டியில் போடாத எண்ணும்

கேள்வி: விளையாட்டுப் படம் எடுப்பதற்காகவே ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். விநாடிக்கு 40 படம், ஷட்டர் 1/16,000 வரை என்று போட்டிருந்தது. ஆனால் சத்தமில்லாத ஷட்டரில் பேட்மின்டன் எடுத்தால், ஸ்மாஷ் அடிக்கும் நேரத்தில் மட்டை படத்தில் வில் மாதிரி வளைந்து விழுகிறது. 1/4000 வைத்தும் அப்படித்தான். கேமராவில் கோளாறா? மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: கோளாறு இல்லை. அதே மாடலில் வேறொன்றை வாங்கி வந்தாலும் மட்டை இப்படியேதான் வளையும்.

1/4000 விநாடி என்பது, ஒளியைப் படமாக்கும் சென்சாரின் ஒவ்வொரு வரிசையும் ஒளி வாங்கும் நேரம். எல்லா வரிசைகளும் ஒரே கணத்தில் வாங்குவதில்லை, அங்கேதான் சிக்கல். நீங்கள் சொல்லும் சத்தமில்லாத ஷட்டர்தான் எலக்ட்ரானிக் ஷட்டர். அதில் சென்சார் மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே வாசித்துக்கொண்டு வருகிறது. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே ஆகும் நேரம்தான் ரீட்அவுட். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அது குறையாது.

40 படம் என்ற கணக்கிலிருந்து ஒன்றுதான் தெரிகிறது: ஒரு படத்தை 25 மில்லி விநாடிக்குள் வாசித்தாக வேண்டும். 20 மில்லி விநாடி என்றே வைத்துக்கொள்வோம். மட்டை, படத்தின் உயரத்தில் கால் பங்கை அடைத்தால், அதன் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே 5 மில்லி விநாடி ஓடிவிடும். மட்டையின் தலை விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போனால், அதற்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ரீட்அவுட் 4 மில்லி விநாடியாக இருந்தால் அது 4 சென்டிமீட்டர்தான், கண்ணில் படாது.

ஸ்மாஷுக்கு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள். அதன் திரையும் நகர்ந்துதான் மூடுகிறது என்றாலும் மூன்று, நான்கு மில்லி விநாடியில் வேலையை முடித்துவிடும். விநாடிக்கு எடுக்கும் படங்கள் குறையும். வளையாத 12 படம், வளைந்த 40 படத்தைவிட மேல் என்பேன்.

கேள்வி: ஸ்டேக்டு, பாதி ஸ்டேக்டு, குளோபல் ஷட்டர் என்கிறார்கள். எதற்குப் பணம் கொடுக்கலாம்?

பதில்: ஸ்டேக்டு சென்சாரில் பிக்சல் அடுக்குக்குப் பின்னாலேயே வேகமான சர்க்யூட்டும் மெமரியும் அடுக்கப்பட்டிருக்கும். வாசித்ததை உடனே அங்கே தள்ளிவிடலாம். முழு ஃபிரேம் என்னும் பெரிய சென்சார் கேமராக்களில் இதை முதலில் கொண்டுவந்தது 2017இல் வந்த சோனி ஏ9, அதன் ரீட்அவுட் சுமார் 6 மில்லி விநாடி. 2021இல் வந்த சோனி ஏ1, நிக்கான் இசட்9 இரண்டும் சுமார் 4. அந்த வேகத்தை நம்பி நிக்கான், இசட்9இல் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டது. 2024இல் வந்த இசட்6 III பாதி ஸ்டேக்டு, அதாவது வேகமான சர்க்யூட் பிக்சல் பகுதியின் மேலும் கீழும் மட்டும் இருக்கும்; ரீட்அவுட் சுமார் 14. ஸ்டேக்டு இல்லாத, பிக்சல் அதிகமான சென்சார்கள் 60, 70, சில 100 மில்லி விநாடிகூட எடுத்துக்கொள்ளும்.

2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III குளோபல் ஷட்டர். எல்லா பிக்சலும் ஒரே நேரத்தில் பதிவாவதால் வளைவு அறவே இல்லை. விநாடிக்கு 120 படம். ஆனால் ஒளி உணர்திறனைக் குறிக்கும் அடிப்படை ஐஎஸ்ஓ 250இல்தான் தொடங்குகிறது. இருட்டான பகுதிகளைப் பின்னர் வெளிச்சமாக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் விழும் புள்ளிகள், கூடுதலாகத் தெரியும். அதற்கான விலை அது.

மட்டை, கோல்ஃப் கழி, பறவைச் சிறகு, சத்தமே போடக்கூடாத மேடை, இவைதான் உங்கள் வேலை என்றால் ஸ்டேக்டு வாங்குங்கள். பணம் இடித்தால், நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்டேக்டு கேமரா, புதிய சாதாரண கேமராவைவிட உங்களுக்கு உதவும். முகப்படமும் இயற்கைக் காட்சியும் எடுப்பவர்கள் அந்தப் பணத்தை லென்ஸில் போடலாம்.

கேள்வி: ரீட்அவுட் எவ்வளவு என்று கடையில் கேட்டால் தெரியவில்லை. நானே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஒரு சாதாரண எல்இடி பல்பு போதும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் மலிவான பல்பு பலவும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும், அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. அந்த வெளிச்சம் மட்டும் விழும் வெள்ளைச் சுவரை, கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, எலக்ட்ரானிக் ஷட்டரில், 1/2000க்குக் குறையாமல் எடுங்கள். படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். எண்ணுங்கள். ஆறு பட்டை என்றால் சுமார் 60 மில்லி விநாடி. ஒன்றரை என்றால் 15. ஒரு முழுப் பட்டைகூடத் தேறாமல் படத்தின் ஒரு பகுதி மட்டும் மங்கினால் ரீட்அவுட் 10க்கும் கீழே. 60 ஹெர்ட்ஸ் இடத்தில் ஒரு பட்டைக்கு 8.3 என்று பெருக்குங்கள்.

பட்டையே விழவில்லை என்றால் கேமராவை உடனே பாராட்டிவிடாதீர்கள். சில பல்புகள் மங்கிப் பிரகாசிப்பதே இல்லை, இன்னொரு பல்பில் எடுத்துப் பாருங்கள். அப்புறம், தொடர் படத்திலும் ஒரு தடவை சோதியுங்கள். சில கேமராக்கள் அதில், ஒளி அளவைப் பதியும் நுணுக்கத்தை 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறக்கித்தான் வேகத்தைக் காட்டும்.