கேளுங்க, சொல்றோம்: அபாச்சி மக்களோட கணக்கு

கே: அபாச்சி மக்கள்னா குதிரை, வில்லு, சண்டைன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். ஏட்டுல எழுதிப் பழகாத சனத்துக்கு அந்தக் காலத்துல கணக்கு எதுக்குங்க தேவைப்பட்டிருக்கும்?

ப: சினிமா பாத்து வளர்ந்தா அப்படித்தான் தோணும். அரிசோனாவுல ஒயிட் மவுண்டன், சான் கார்லோஸ், நியூ மெக்சிகோவுல மெஸ்கலேரோ, ஹிக்கரியான்னு பல பிரிவா இருக்கற அமெரிக்கப் பூர்வகுடிச் சனங்க இவங்க, மொத்தமா ஒரே ஆளுங்கன்னு நினைச்சுக்காதீங்க. இவங்க கணக்கு எங்க இருக்குன்னா முதல்ல விளையாட்டுல பாருங்க. ஒயிட் மவுண்டன் பொம்பளைங்க ஆடுன குச்சி ஆட்டத்தை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் கியூலின், பூர்வகுடி விளையாட்டுங்களைப் பத்தி 1907ல வந்த தன்னோட பெரிய தொகுப்புல பதிவு பண்ணியிருக்காரு. தரையில 40 கல்லை வட்டமா வைப்பாங்க, பத்துப் பத்தா நாலு பகுதி, நடுவுல ஒரு தட்டைக் கல்லு. மூணு குச்சி, ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் தட்டை, இன்னொரு பக்கம் உருண்டை. அதைச் சேர்த்துப் புடிச்சு நடுக்கல்லு மேல ஓங்கி அடிச்சா எகிறி விழும், எந்தப் பக்கம் மேல இருக்குங்கறதை வச்சு பாயிண்ட், அந்தப் பாயிண்டுக்கு ஏத்த மாதிரி கல்லு கல்லா நகரணும். நம்ம தாயம் மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

இப்ப பாருங்க, மூணு குச்சி எட்டு விதமா விழலாம். மூணும் உருண்டையா விழறது அதுல ஒண்ணே ஒண்ணு, மூணும் தட்டையா விழறதும் ஒண்ணுதான், மிச்சம் ஆறும் கலப்படம். அவங்க மூணு உருண்டைக்கு 10, மூணு தட்டைக்கு 5, கலந்து விழுந்தா அதைவிடக் கம்மின்னு வச்சிருந்தாங்க. அரிதா வர்றதுக்குத்தான் பெரிய மதிப்பு! குச்சியோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால சரிபாதி வாய்ப்புன்னும் சொல்ல முடியாது, அது ஆடி ஆடிப் பாத்தவங்களுக்குத்தான் கைவரும். ஆம்பளைங்களுக்குத் தனியா வளையமும் கம்பும் வச்சு ஒரு ஆட்டம் இருந்துச்சு, உருள்ற வளையம் கம்புல எந்தக் கோட்டு மேல சாயுதோ அதுக்கு ஏத்த பாயிண்ட். பொம்பளைங்க அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு இருந்துச்சு.

கே: அவங்க கூடையில நட்சத்திரம், வளைஞ்சு வளைஞ்சு போற கோடெல்லாம் பிசகாம வருதே, வரைஞ்சு வச்சுட்டுப் பின்னுவாங்களா?

ப: இல்லைங்க, மனசுலதான் எல்லாம். மேற்கு அபாச்சி (ஒயிட் மவுண்டன், சான் கார்லோஸ் மாதிரிப் பிரிவுங்க) கூடையில மூணு குச்சியைச் சேர்த்து நடுவுலேர்ந்து சுருள் சுருளா சுத்திக்கிட்டே, வில்லோ மாதிரி மரத்து நாரால தைச்சுட்டே போவாங்க, கறுப்பு டிசைனுக்கு டெவில்ஸ் கிளாங்கற செடியோட காய்த்தோல். சிக்கல் எங்கன்னா, ஒவ்வொரு சுத்துக்கும் சுற்றளவு கூடிட்டே போகும். சுருள் 5 மில்லிமீட்டர் தடிமன்னா ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் கூடும், உள்சுத்தா இருந்தாலும் சரி வெளிச்சுத்தா இருந்தாலும் சரி அதே 31தான் (தட்டையான அடிப்பாகத்துக்கு, பக்கம் மேல ஏற ஆரம்பிச்சா கம்மியாயிடும்). நாலு மூலை டிசைன்னா இதுல ஒவ்வொரு மூலைக்கும் சுமார் எட்டு மில்லிமீட்டர், அஞ்சு மூலைன்னா ஆறு. இதைத் தையல் எண்ணிக்கையில கணக்குப் பண்ணி, எங்க கறுப்பு ஆரம்பிக்கணும் எங்க முடியணும்னு முடிவு பண்ணணும். ஒரு சுத்துல ரெண்டு தையல் ஜாஸ்தியாப் போனா அடுத்தடுத்த சுத்துல கோணல் பெருசாத் தெரியும், பிரிச்சுத் தைக்கறதும் லேசு இல்ல. நோட்டுல டூ பை ஆர்னு சுற்றளவு போடறதை விட இது கஷ்டம்னு நான் நினைக்கறேன்.

கே: நாலுங்கற எண் அவங்களுக்குப் புனிதமாமே?

ப: ஆமா, நாலு திசை. பொண்ணு பெரியவளானா மேற்கு அபாச்சிங்க நடத்தற சூரியோதயச் சடங்கு நாலு நாள் நடக்கும், அந்தப் பொண்ணு கைத்தடியைச் சுத்தி நாலு தடவை ஓடும், வாழ்க்கையோட நாலு கட்டத்துக்காக. மெஸ்கலேரோ சடங்குக் கூடாரத்துக்கும் முக்கியமான கம்பம் நாலுதான். ஆனா இதை மட்டும் காட்டி 'அபாச்சி கணிதம்'னு சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல, கூடை பின்னறவங்க போட்ட கணக்கு இதைவிட ரொம்பப் பெருசு.