38-ஆ, 40-ஆ? பழைய பி.எம்.டபிள்யூ. காலிப்பரில் இருக்கும் எண்

கேள்வி: என்னிடம் 1975-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. ஆர் 90/6 பைக் இருக்கிறது. முன்சக்கரத்தில் இரண்டு டிஸ்க். ஒரு பக்கக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஜாமாகிவிட்டது. பழைய உதிரிபாகம் விற்பவரிடம் ஒன்று வாங்கினேன். பார்வைக்கு அச்சு அசல் அதேதான். ஆனால் என்னுடையதில் 38 என்றும் வந்ததில் 40 என்றும் இருக்கிறது. “அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் ஒன்றேதான்” என்கிறார் விற்றவர். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். சுலபமாக மாட்ட முடியும் என்பதுதான் இதில் ஆபத்தே. இரண்டும் ஏ.டி.இ. என்ற பிரேக் கம்பெனியின் தயாரிப்பு, ஒரே அச்சு, ஒரே பொருத்தும் முறை. மாறுவது உள்ளே இருக்கும் பிஸ்டன். அந்த எண் பிஸ்டனின் விட்டம், மில்லிமீட்டரில்.

2 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் பிரேக் ஆயில் அழுத்துவது பரப்பின் மேல். 38-இன் பரப்பு சுமார் 1,134 சதுர மி.மீ.; 40-க்கு 1,257. ஏறக்குறைய 11 சதவீதம் அதிகம். லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; இரண்டு பக்கமும் அந்த ஒன்றிலிருந்து ஒரே அழுத்தம்தான் போகிறது. ஆக ஒரு பக்க டிஸ்க் மட்டும் எப்போதும் கூடுதலாகப் பிடிபடும். சாதாரண ஓட்டத்தில் தெரியாமலே போகலாம். ஈரச் சாலையில் அவசரமாகப் பிடிக்கும்போதா அதைச் சோதித்துப் பார்ப்பது?

சரி, இரண்டையுமே 40 ஆக்கிவிட்டால்? அங்கே மாஸ்டர் சிலிண்டர் குறுக்கே வரும். உங்கள் வண்டியில் அது ஹேண்டில்பாரில் இல்லை; பெட்ரோல் டேங்குக்கு அடியில், கேபிளால் இழுபடுகிறது. அதன் பிஸ்டன் விட்டத்தை ஒற்றை டிஸ்க்குக்கு 14.29, இரட்டை 38-க்கு 15.87, இரட்டை 40-க்கு 17.46 மி.மீ. என்று கம்பெனி ஜோடி சேர்த்திருந்தது. 15.87-ஐ வைத்துக்கொண்டு 40 மாட்டினால் லீவர் முன்பைவிட அதிக தூரம் உள்ளே வரும்.

இதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆர் 90/6 ஒற்றை டிஸ்க்குடன்தான் வந்தது. இரண்டாவது டிஸ்க் விரும்பியவர்களுக்கு மட்டும். பின்னால் யாரோ டிஸ்க்கை மட்டும் சேர்த்துவிட்டு 14.29-ஐ அப்படியே விட்டிருந்தால், பிரேக் லைனிலிருந்து எத்தனை முறை ஏர் எடுத்தாலும் லீவர் கைப்பிடியைத் தொடும். டேங்கைக் கழற்றி, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

எது எந்த வண்டியினுடையது? தொடக்க கால /6 வரிசை வண்டிகளிலும் முதல் ஆர் 90 எஸ்-களிலும் 38. 1976 ஆர் 90 எஸ்-இல் 40 வந்தது; அதன்பின் வந்த ஆர் 100 எஸ், ஆர் 100 ஆர்.எஸ். இரண்டிலும் 40-தான். ஆனால் ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்குமோ, வண்டியின் வருடத்தை நம்பாதீர்கள். காலிப்பரின் எண்ணைப் பாருங்கள். எண் தேய்ந்திருந்தால் பிஸ்டனை அளங்கள். 1981 முதல் வந்த பிரெம்போ கம்பெனிக் காலிப்பரைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. அதில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், உடம்பில் பெயரே இருக்கும், உங்கள் ஃபோர்க்கில் நேரடியாக உட்காராது.

என்னைக் கேட்டால், ஜாமான உங்கள் 38-ஐயே சரிசெய்யப் பாருங்கள். பெரும்பாலும் பிஸ்டனில் துருவும் சீலும்தான் பிரச்சினை. பிஸ்டன் வரவில்லை என்றால் பேடுகளை (டிஸ்க்கில் உரசும் பட்டைகளை) எடுத்துவிட்டு, பிரேக் லைன் இணைந்திருக்கும்போதே லீவரை மெதுவாக அழுத்தித் தள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்றைக் காட்டினால் பிஸ்டன் தோட்டா மாதிரி வெளியே வரும். விரல் அங்கே இருக்கக் கூடாது. குழி விழுந்த பிஸ்டனைத் தேய்த்துப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். சீல் கிட் வாங்கும்போதும் 38 என்று சொல்லியே கேளுங்கள்.

திரும்ப மாட்டும்போது பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இந்தக் காலிப்பர் கீழே ஒரு பின்னில் ஊசலாடுகிறது. அந்தப் பின்னே மையம் விலகிய வடிவத்தில் செய்யப்பட்டது. அதைத் திருப்பினால் பேட் டிஸ்க்கின் மேல் உட்காரும் கோணம் மாறும். டிஸ்க்கின் இரு முகத்திலும் மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தை உருட்டுங்கள். கோடு முழு அகலத்துக்கும் சீராக அழியும்வரை பின்னைத் திருப்பிப் பாருங்கள். வெளி ஓரம் மட்டும் அழிந்தால் பேட் சாய்ந்து தேய்கிறது என்று பொருள்.

அப்புறம், அந்த 40-ஐத் திருப்பிக் கொடுத்து 38 கேட்பதாக இருந்தால், எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். பக்கம் மாறி வந்தால் அது கீழே போய்விடும், காற்று வெளியேறவே செய்யாது.