தம்பியை ஸ்நோடன் மலைக்கு அழைத்துப் போகலாமா?

மூளைக் காயத்துக்கு ஆளான உங்கள் தம்பியை, மூளைக் காயமுற்றோருக்கு உதவும் ஹெட்வே அமைப்புக்காக நிதி திரட்டி நீங்கள் போகும் வேல்ஸின் ஸ்நோடன் மலையேற்றத்துக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் 1,085 மீட்டர் உச்சியை அவருக்கு இலக்காக வைக்காமல், லான்பெரிஸ் பாதையின் நடுவழித் தேநீர்க் கடைவரை ஏறி, அங்கிருந்து ஒருவர் துணையுடன் திரும்பும்படி திட்டமிடுங்கள். ஹெட்வே அமைப்புக்கு நிதி தருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பயிற்சி நடையில் இரண்டு மணி நேரத்துக்குப் பின் அவர் சொற்கள் கிடைக்காமல் தடுமாறி எரிச்சலடைந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் கால்களின் களைப்பு அன்று. மூளைக் காயத்துக்குப் பிறகு, கரடுமுரடான கல்லில் அடி வைப்பதற்கும், உடன் வருபவர்களின் பேச்சைத் தொடர்வதற்கும், காற்றின் இரைச்சலைத் தாங்குவதற்கும் மூளை கூடுதலாக உழைக்க நேர்வதால், உடல் தெம்பாக இருக்கும்போதே மனம் சோர்ந்துவிடும்.

ஒரே தூரத்தை வெவ்வேறு நாட்களில் இருமுறை நடந்து பாருங்கள்: ஒருமுறை குழுவாகப் பேசிக்கொண்டு, மறுமுறை நீங்கள் இருவர் மட்டும், அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து. தடுமாற்றம் தொடங்கிய நேரத்தையும், மறுநாள் காலையில் அவர் இருந்த நிலையையும் (இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்) குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, புதிதாகத் தலைவலியோ வாந்தியோ தோன்றினாலோ, மருத்துவரைக் கேட்காமல் மலைக்குப் புறப்படக் கூடாது. இறங்குவதற்கு மலை ரயிலையும் நம்பாதீர்கள். காற்று பலமாக வீசும் நாளில் அது உச்சிவரை வராது.