பழைய பாட்டு, புது பீட்: உங்க கேள்வி, எங்க பதில்

கேள்வி: பழைய ராக், சோல், ரெகே பாட்டையெல்லாம் டான்ஸ் ரீமிக்ஸ்னு ஏன் கெடுக்கறாங்க? அப்படியே விட்டா என்ன?

பதில்: உங்க கோவம் புரியுது, சிலதைக் கேக்கறப்போ எனக்கும் வலிக்கும். ஆனா அந்த லிஸ்ட்ல ஜமைக்காவோட ரெகேவைச் சேர்த்தீங்க பாருங்க, அதை ஒத்துக்கவே மாட்டேன், ஏன்னா ரீமிக்ஸ்ங்கிறது பாதி அங்க பொறந்ததுதான். 1960கள் கடைசியில ஜமைக்கால ஒரு சவுண்ட் சிஸ்டத்துக்கு (பெரிய ஸ்பீக்கர் வச்சு ஆட்டம் நடத்தற குழு) ரெக்கார்டு வெட்டும்போது குரல் தவறிப்போய் சேராம விட்டுப்போச்சு, அதையே ஆட்டத்துல போட்டதும் கூட்டமே சேர்ந்து பாட ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் சிங்கிளோட (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற இசைத்தட்டு) பின்பக்கம் குரல் இல்லாத 'வெர்ஷன்' போடறது வழக்கமாச்சு, கிங்ஸ்டன்ல எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பாத்துட்டிருந்த கிங் டப்பி மிக்ஸரையே வாத்தியமா வாசிச்சு, குரலை எக்கோல கரைச்சு, பேஸையும் ட்ரம்ஸையும் தனியா நிக்க வச்சு 'டப்'னு ஒரு இசையையே கொண்டுவந்துட்டார். அதே 1970கள்ல நியூயார்க்ல டாம் மோல்டன் சோல் பாட்டுகளை ஆடறவங்களுக்காக நீட்டிக்கிட்டிருந்தார். ஒரு நாள் 7 அங்குல வெத்துத் தட்டு தீர்ந்துபோய் பெரிய தட்டுல வெட்டினாங்க, பாட்டு பதியற தடங்களுக்கு இடம் கிடைச்சதால சத்தம் அள்ளிடுச்சு, 12 அங்குல சிங்கிள் வந்த வழி அதுதான். எல்விஸ் 1968ல பாடி பெருசா ஓடாத 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' 2002ல நெதர்லாந்துக்காரர் ஜங்கி எக்ஸ்எல் கைபட்டு பிரிட்டன்ல நம்பர் 1 ஆச்சு. குரல்ல கைவைக்காம கீழ இருக்கறதை மாத்தினா பாட்டு சாகாது.

கேள்வி: ஒரு பழைய சோல் பாட்டுக்கு நானே பீட் போட்டேன். முதல் நிமிஷம் கச்சிதமா இருக்கு, அப்புறம் விலகுது. ஏன்?

பதில்: அந்த ட்ரம்மர் க்ளிக் (வேகம் மாறாம இருக்க காதுல ஒலிக்கற தாள ஒலி) கேட்டு வாசிக்கலைங்க! கோரஸ் வந்தா கொஞ்சம் வேகம் ஏறும், வெர்ஸ்ல இறங்கும். ஏபிள்டன்ங்கற இசை சாஃப்ட்வேர்ல வார்ப் பண்ணா, அதாவது பாட்டை இழுத்து சுருக்கி தாளத்தோட பொருத்தினா, சரியாகும், ஆனா ஒவ்வொரு பீட்டையும் ஆணி அடிச்சு நிறுத்தினா அந்த மனுஷனே காணாமப் போயிடுவார், அதனால நாலு பாருக்கு (ஒரு பார்னா ஒரு தாளச் சுற்று) ஒரு மார்க்கர், அதாவது நிறுத்தற புள்ளி, போதும்.

கேள்வி: ரெகே பாட்டை 125 பிபிஎம்முக்கு (நிமிஷத்துக்கு 125 பீட்) இழுத்தா குரல் கார்ட்டூன் மாதிரி ஆயிடுது. என்ன பண்ணலாம்?

பதில்: இழுக்காதீங்க, ப்ளீஸ். நிறைய ரெகே பாட்டு 70, 80 பக்கம்தான் ஓடும், அதை இரட்டையா எண்ணிப் பாருங்க, 70 வந்து 140, டப்ஸ்டெப்ங்கற எலக்ட்ரானிக் டான்ஸ் இசையோட வேகம் அதேதான். இன்னொண்ணு, ஒன் டிராப்ங்கற ரெகே தாளத்துல முதல் பீட் காலி, கிக்கும் (கால் ட்ரம்) ஸ்நேரும் (கையால அடிக்கற ட்ரம்) மூணாவதுலதான் விழும், அந்தக் காலி இடத்துலதான் உடம்பு ஆடும். நாலு பீட்லயும் கிக் வச்சு அடைச்சிட்டா ஆட்டம் போச்சு. வெர்ஸ்ல உங்க கிக்கை எடுத்துட்டு பழைய பேஸை மட்டும் விடுங்க, குரல் நின்ன பிறகு கிக்கைக் கொண்டு வாங்க.