பின்போல் மெசினை யாழ்ப்பாணத்துக்கு இறக்கலாமா?

கேள்வி: ஐயா, ரொறன்ரோவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இப்போது கொக்குவிலில் வசிக்கிறேன். அங்கே என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதர் தன்னுடைய பின்போல் மெசினை (கண்ணாடி மூடிய சரிவுப் பலகையில் இரும்புப் பந்தைத் தட்டி விளையாடுகிற பெட்டி) விற்கப் போகிறார். 1992இல் வந்த ‘அடம்ஸ் ஃபமிலி’ என்ற மொடல். 12,000 கனேடிய டொலர் கேட்கிறார், கப்பல் கூலி வேறு. காசு வங்கியில் இருக்கிறது, கடன் இல்லை. மனைவியோ, “அந்தக் காசுக்குக் கூரையில் சோலர் போடலாம்” என்கிறா. வீட்டுத் தண்ணி மோட்டரை நானே கழற்றிப் பூட்டுவேன். வாங்கலாமா?
– கொக்குவில் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது தண்ணி மோட்டர் வரியைத்தான். அது இல்லையென்றால் வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். நானும் அதே ரொறன்ரோவில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் ஏழு வருடம் இந்த மெசின்களைத் திருத்தியவன். ஒரு நாள் றபர் வளையம் அறும், இன்னொரு நாள் பல்ப் போகும், பிறகு பந்தைத் தட்டுகிற மட்டையான ஃபிளிப்பர் சோர்ந்துபோய்ப் பந்து மேலே ஏறாது. இங்கே அதற்கு ஆள் தேடி அலைய ஏலாது. கண்ணாடியைக் கழற்றப் போவது நீங்கள்தான்.

மெசின் நல்ல மெசின். பாலி கொம்பனி 20,270 செய்து விற்றது. ஃபிளிப்பர் வைத்த மெசின்களில் அவ்வளவு விற்றது வேறில்லை. அதனால் உதிரிப்பாகம் இன்றைக்கும் கிடைக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை எழும்பிவந்து பந்தைக் காந்தத்தால் கவ்விக்கொண்டு உள்ளே போகுமே, அதை முதல் தரம் பார்க்கிற பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அந்த வேலை பிடித்ததே அந்த முகங்களுக்காகத்தான்.

காசு அனுப்ப முன்னம் ஒன்று செய்யுங்கோ. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிற தலைப்பெட்டியைத் திறந்து, மெசினின் மூளையான சிபியு போர்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அதில் மூன்று ஏஏ பற்றரி இருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த மெசினை நான் திறந்தபோது பற்றரிக்குக் கீழே பச்சையாகப் பூத்திருந்தது. தொட மாவாய் உதிர்ந்தது. அதற்கடியில் செப்புக் கோடுகள் அரிபட்டுப் போயிருந்தன. தலைமயிர் போன்ற கம்பிகளை ஒவ்வொன்றாய் ஈயம் வைத்து ஒட்ட மூன்று நாள் போனது. படத்தில் பச்சை தெரிந்தால் பேரம் பேசாதேங்கோ, விட்டுவிடுங்கோ.

அங்கத்தைய மெசின் 115 வோல்ட்டுக்குக் கட்டியது, எங்கட வீட்டில் 230. ட்ரான்ஸ்ஃபோமர் இணைப்பை மாற்றி, ஃபியூசையும், மின்னழுத்தம் எகிறினால் காப்பாற்றுகிற வரிஸ்டரையும் மாற்றினால் ஓடும். அதற்கு முன் பிளக்கைச் சொருகவே கூடாது.

எடை 110 கிலோவுக்குக் குறையாது, நாலு பேர் வேண்டும். காலைக் கழற்றித் தலையை மடித்தால் வாசலுக்குள் போகும். விறாந்தையில் மட்டும் வைக்காதேங்கோ. மாரி ஈரத்துக்குப் பந்து துருப்பிடிக்கும். துருப்பந்து பலகையை அரம் மாதிரி உராஞ்சிவிடும். உள்ளறை, முடிந்தால் ஏசி.

வீட்டுக்காரி சொல்வது நியாயம். கூலி, சுங்கத் தீர்வை எல்லாம் சேர்த்து முழுக்கணக்கையும் கிளியரிங் ஏஜென்ரிடம் எழுத்தில் வாங்கி, அவவோடு இருந்து பாருங்கோ. அதற்குப் பிறகும் சோலருக்குக் காசு காணுமென்றால் தாராளமாக வாங்குங்கோ. காணாதென்றால் சோலர் முதல். 20,270இல் இன்னொன்று பிறகும் விற்பனைக்கு வரும்.