தெரிந்துகொண்டால் அழகு கெடுமா?

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக அழகியல் தத்துவம் படித்து வருகிறேன். பட்டத்துக்காக அல்ல, சொந்த ஆர்வம்தான். பிளேட்டோவில் ஆரம்பித்து ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டிடம் வந்து மாட்டிக்கொண்டேன். ‘நோக்கமற்ற நோக்குடைமை’ என்ற ஒரே தொடரில் மூன்று வாரம் போய்விட்டது. அழகு பார்ப்பவர் கண்ணில்தான் இருக்கிறது என்றால் இவ்வளவு பெரிய புத்தகங்கள் எதற்கு? இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. படிக்க ஆரம்பித்த பிறகு ஒரு பாட்டைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. இது ஏன் பிடிக்கிறது, இதில் உண்மை இருக்கிறதா என்று மனம் குடைந்துகொண்டே இருக்கிறது. அறிவு ரசனையைக் கெடுத்துவிடுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

மூன்று வாரம்தானே! காண்ட் 1790இல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தை (ஆங்கிலத்தில் Critique of Judgment) நான் இரண்டு முறை பாதியில் மூடி வைத்திருக்கிறேன். மனிதருக்கு வாசகன் மேல் இரக்கம் என்பதே கிடையாது.

‘பார்ப்பவர் கண்ணில்’ என்பதை முதலில் முடித்துவிடலாம். கானரித் தீவு ஒயின் இனிமையானது என்று ஒருவர் சொல்கிறார். “உங்களுக்கு இனிமையானது என்று சொல்லுங்கள்” என்று திருத்தினால் சரி என்று ஒத்துக்கொள்வார். ஆனால் ஒரு கட்டடத்தைக் காட்டி “இது எனக்கு அழகு” என்று சொன்னால் அது கேலிக்கூத்து என்கிறார் காண்ட். அழகு என்று சொல்லும்போதே, நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டுவிடுகிறோம். நிரூபிக்க வழியில்லை, ஆனாலும் விடுவதில்லை. சினிமா பார்த்துவிட்டு நண்பரோடு விடிய விடியச் சண்டை போடுகிறோமே, அது இதனால்தான். பிடித்த நிறத்துக்காக யாரும் அப்படிச் சண்டை போடுவதில்லை. புத்தகங்கள் பெரிதானதும் அந்தச் சண்டையால்தான்.

அப்புறம் அந்தத் தொடர். தமிழில் இரண்டு ‘நோக்’கும் மோதிக்கொள்வதால் புதிர்போல ஆகிவிட்டது. யாரோ யோசித்து வைத்ததுபோல எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது, ஆனால் எதற்காக என்று கேட்காமலே அந்தப் பொருத்தத்தில் மனம் நிறைந்துபோகிறது. அவ்வளவுதான் விஷயம். காண்ட்டின் உதாரணம் பூ. பூ என்பது செடியின் இனப்பெருக்க உறுப்பு என்று தாவரவியல் அறிஞருக்குத் தெரியும். ஆனால் இந்தப் பூ அழகு என்று அவர் சொல்லும்போது அந்த அறிவைக் கணக்கில் எடுப்பதில்லை. மறந்துவிடவில்லை, கவனியுங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடியே வைத்துக்கொண்டு பூவைப் பார்க்கிறார். ஆக இந்த இடத்தில் அறிவு எதையும் கெடுக்கவில்லை.

கெடுக்கிற இடமும் அதே புத்தகத்தில் இருக்கிறது. கோடைகாலத்து மாலை, மெல்லிய நிலவொளி, புதருக்குள் நைட்டிங்கேல் பறவை பாடுகிறது. ஒரு விடுதிக்காரர் தன் விருந்தினர்களை மகிழ்விக்க ஒரு குறும்புக்காரப் பையனைப் புதருக்குள் ஒளித்துவைத்து, வாயில் நாணல் குழலோடு அந்தப் பறவையைப் போலவே ஊதச் சொல்கிறார். பையன் என்று தெரிந்துவிட்டால் ஒருவரும் அதற்கு மேல் பொறுமையாகக் கேட்கமாட்டார்கள் என்கிறார் காண்ட். ஒலி மாறவில்லை, நிலவும் அப்படியே இருக்கிறது. வடிவம்தான் முக்கியம் என்று அதுவரை சொல்லிவந்தவர், இங்கே வந்து அந்த ஒலி யாருடையது என்று கேட்கிறார். இயற்கையின் அழகில் நமக்குள்ள ஈடுபாடு வேறு வகை என்று அவர் விளக்கம் சொல்கிறார்தான். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. ஹான் வான் மீகரன் என்ற டச்சு ஓவியர், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவிய மேதை வெர்மீரின் பாணியில் ஒரு படம் வரைந்தார். எம்மாவுஸ் என்ற ஊரில் கிறிஸ்து சீடர்களோடு உணவருந்தும் காட்சி. பழைய படம் என்று தோன்ற, பேக்கலைட் என்ற செயற்கைப் பிசினோடு வண்ணம் கலந்து, அடுப்பில் சுட்டு, உருளையில் உருட்டி விரிசல் விழவைத்தார். 1937இல் ஆபிரகாம் பிரெடியஸ் என்ற பெரிய நிபுணர், வெர்மீரின் தலைசிறந்த படைப்பே இதுதான் என்று எழுதினார். ராட்டர்டாம் அருங்காட்சியகத்துக்காக அந்தப் படத்தை வாங்கினார்கள். 1945இல் வான் மீகரன் வேறொரு வழக்கில் கைதானார். நாட்டின் சொத்தான ஒரு வெர்மீர் ஓவியத்தை எதிரியான நாஜித் தலைவர் கோரிங்குக்குப் போக விட்டார் என்பது குற்றச்சாட்டு. தப்பிக்க அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: அதையும் நான்தான் வரைந்தேன் என்று ஒப்புக்கொண்டார். கண்காணிப்பில் இன்னொரு படத்தை வரைந்தும் காட்டினார்.

இன்று அந்த எம்மாவுஸ் படத்தைப் பார்த்தால், கனத்த இமைகளும் ஒட்டிய கன்னமுமாக அந்த முகங்கள் 1930களின் சினிமா முகங்களாகத் தெரிகின்றன. எப்படி ஏமாந்தார்கள் என்று வியப்பாக இருக்கிறது. காலம் முழுக்க டச்சு ஓவியங்களைப் பார்த்து வாழ்ந்த நிபுணரின் கண்ணுக்கு அது தெரியவில்லை. போலி என்று தெரிந்த பிறகு நம் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே அறிவு கண்ணையே மாற்றிவிட்டது.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பூவை அறிவு தொடவில்லை, குழலிசையைக் கெடுத்தது, ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அழகே உண்மை என்று கவிஞர்கள் சொல்லிவிடலாம். தத்துவம் படிக்கிறவர் எந்த அழகு, எந்த உண்மை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

உங்கள் பாட்டைப் பற்றி என் ஊகம் இது: நீங்கள் பாட்டைக் கேட்பதில்லை, காண்ட் சரியா என்று பார்க்க அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறீர்கள். ஒருமுறை முழுக்கக் கேளுங்கள், விசாரணை மறுநாள் இருக்கட்டும். காண்ட்டுக்குப் பின் வந்த ஹெகலை இப்போது தொடவேண்டாம். ரசனையின் அளவுகோல் பற்றி ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1757இல் எழுதிய கட்டுரை சிறியது, ஒரே மாலையில் முடிந்துவிடும். அதைப் படித்துவிட்டு காண்ட்டின் 42ஆம் பகுதிக்கு நேராகப் போங்கள். அந்தப் பையன் புதருக்குள் இருப்பது அங்கேதான்.