டிஷ்யூ பெட்டி யார் பக்கம்?

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. தூக்கம் போய், வேலையிலும் தப்புகள் வர ஆரம்பித்ததால் ஒரு கவுன்சிலரிடம் போகிறேன். முதல் நான்கு செஷன்கள் நன்றாகத்தான் இருந்தன. ஐந்தாவதில், சொத்துத் தகராறுக்கு அப்புறம் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டேன், இனியும் பேசுவதாக இல்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “கூடப் பிறந்தவங்களை அப்படி விட்டுடாதீங்க, பின்னாடி ரொம்ப வருத்தப்படுவீங்க” என்றார். பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். கண் கலங்கிவிட்டது. எனக்காக வைத்திருந்த டிஷ்யூ பெட்டியை நான் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அதிலிருந்து அண்ணன் பேச்சையே நான் எடுப்பதில்லை. போன வாரம் அவர் களைப்பாகத் தெரிந்தார். “இப்ப பரவாயில்லை மேடம்” என்று பொய் சொல்லி, 1,500 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். “டாக்டருக்கும் காய்ச்சல் வரும்ல?” என்கிறாள் தோழி. ஆளை மாற்றலாமா? மாற்றினால் அவர் மனசு கஷ்டப்படுமோ என்றும் இருக்கிறது.

எஸ்.

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள எஸ்.,

உங்கள் தோழி சொல்வது பாதி சரி. டாக்டருக்குக் காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு வந்து நம் முகத்துக்கு நேரே இருமக் கூடாது, அவ்வளவுதான். அந்த இருமல் எங்கே கேட்கிறது என்றால், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில். காசு கொடுத்துப் போகிற இடத்தில், அவர் மனசு கஷ்டப்படுமோ என்று நீங்கள் பதறுகிறீர்கள்.

இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே, மனநல மருத்துவர் யுங்குக்கும் அவருடைய நோயாளி ஸ்பீல்ரைனுக்கும் நடுவே நடந்த கதையைச் சொல்வார்கள். அது எல்லை தாண்டிய கதை. உங்கள் கவுன்சிலர் அப்படி எதுவும் செய்யவில்லை. உங்களுக்குப் பொருந்துவது அதே வட்டத்தைச் சேர்ந்த இன்னொருவரின் கதை.

சாந்தோர் ஃபெரன்சி. புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர், மனதைப் பேச வைத்தே பகுத்தாயும் சிகிச்சையைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டுக்கு மிக நெருங்கியவர். மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளை இவரிடம் அனுப்புவார்கள். 1920-களின் நடுவில் எலிசபெத் செவர்ன் என்ற அமெரிக்கப் பெண் வந்தார். சிறுவயதில் கொடுமைகளை அனுபவித்தவர், பிடிவாதக்காரர், யாருக்கும் தலைவணங்காதவர். ஃபெரன்சிக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று தனக்கே ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். செஷன்களை இரட்டிப்பாக்கினார். அவர் வருவதற்குப் பதில் இவரே அவர் இருக்கும் இடத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தார். விடுமுறைக்குப் போகும்போதுகூட அவரை அழைத்துப் போனார்.

பிடிக்காத உறவினர் வீட்டுக்கு வந்தால் நாம் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவோமே, அதேதான்.

செவர்னுக்கு அது புரியாமல் இல்லை. சிகிச்சை நகராமல் நின்றுபோனபோது நேரடியாகவே சொல்லிவிட்டார்: உங்களுக்குள் என் மேல் வெறுப்பு இருக்கிறது, அதை நான் ஆராயாமல் என் சிகிச்சை ஒரு அடிகூட நகராது. ஃபெரன்சி ஏறக்குறைய ஒரு வருடம் மறுத்தார். கடைசியில் இணங்கினார். இவர் அவரைப் பகுத்தாய்வது, பிறகு அவர் இவரைப் பகுத்தாய்வது என்று மாறி மாறி நடந்தது. 1932-இல் ஃபெரன்சி எழுதிய குறிப்பேட்டில் இதெல்லாம் இருக்கிறது. அச்சில் வரவே 1985 ஆனது. நோயாளி சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்று அதில் ஒப்புக்கொள்கிறார். கண்டிப்பான அம்மாவிடம் வளர்ந்தவர் ஃபெரன்சி. திடமான பெண்களைக் கண்டால் உள்ளுக்குள் ஒரு பயம், அந்தப் பயத்தின் மேல் வெறுப்பு, வெறுப்பை மூடத்தான் அத்தனை உபசாரமும். அதை அவர் வாய்விட்டுச் சொன்னபோது செவர்ன் கொதித்து எழவில்லை. அமைதியானார். தனக்குப் பட்டது பிரமை இல்லை என்று தெரிந்த அமைதி.

உங்களுக்கும் இதுதான் முதலில் வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் முகம் மாறியது நிஜம். நீங்களாகக் கற்பனை செய்துகொண்டதில்லை.

ஆனால் ஃபெரன்சி செய்ததை நான் கொண்டாட மாட்டேன். அவருக்கே அதில் ஒரு சிக்கல் தெரிந்தது. மனதில் தோன்றுவதையெல்லாம் செவர்னிடம் சொல்வதென்றால், மற்ற நோயாளிகளின் ரகசியங்களும் சேர்ந்தல்லவா வெளியே வரும்? அதைவிடப் பெரிய சிக்கல், அத்தனை பாரத்தையும் சுமந்தது செவர்ன். சிறுவயதிலிருந்து சுமந்து சுமந்தே நொந்துபோன ஒருத்தியிடம் இன்னொரு மூட்டையையும் ஏற்றிவைத்தார். ஃபெரன்சி போயிருக்க வேண்டியது வேறொரு வைத்தியரிடம். போகாமலும் இல்லை. 1914-லும் 1916-லும் ஃப்ராய்டிடமே போய், நோயாளிகள் படுக்கிற சாய்விருக்கையில் தானும் படுத்தார், எல்லாம் சேர்த்துச் சில வாரங்கள். உள்ளே கிடந்த கோபத்தை ஃப்ராய்ட் தொடவேயில்லை என்பது பின்னாளில் அவருடைய குறை. 1933-இல் ஃபெரன்சி இறந்துவிட்டார். 1937-இல், தன் 81-ஆவது வயதில், ஃப்ராய்ட் ஒரு கட்டுரையில் பெயர் சொல்லாமல் அந்தக் குறையைக் குறிப்பிட்டார். தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னார், கிழவர் லேசில் விட்டுக்கொடுக்கிறவரா? ஆனால் அதே கட்டுரையில், இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது, வெட்கப்படாமல், தாங்களே போய்ப் படுத்து எழ வேண்டும் என்றும் எழுதினார்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு வரிகூட எழுத வராமல் ஒரு தெரபிஸ்ட்டிடம் போனேன். நான் எழுத்தாளன் என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்திருக்க வேண்டும். மூன்றாவது செஷனில் இழுப்பறையைத் திறந்து, ஸ்பைரல் பைண்டிங் போட்ட கவிதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். அவசரமில்லை, முன்னுரை மாதிரி ஒரு பக்கம் போதும் என்றார். நான்காவது செஷன் முழுக்க அவர் கவிதைகளைப் பற்றித்தான் பேசினோம். ஐந்தாவதற்கு நான் போகவில்லை. சொல்லாமல் நின்றுவிட்டேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. கவிதைகள் சுமார்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னதையே பெரிய குற்றமாக நான் பார்க்கவில்லை. வாய் தவறி வந்திருக்கலாம். அடுத்த வாரம் “அன்னிக்கு நான் என் கதையைச் சொல்லிட்டேன், உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். கேட்காததுதான் பிழை. உங்கள் அண்ணனைப் பற்றி அவர் சொன்ன புத்திமதி அவர் தனக்கே சொல்லிக்கொண்டது. தன் தம்பிக்குப் போன் செய்யவேண்டிய கையால் உங்கள் போனை எடுக்கப் பார்த்தார்.

உடனே ஆளை மாற்ற வேண்டாம். ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாகரிகமெல்லாம் பார்க்காமல் நடந்ததை நடந்தபடி: “அன்னைக்கு நீங்க கலங்கினதிலிருந்து எங்க அண்ணனைப் பத்தி என்னால இங்க பேச முடியலை.” அதோடு, சூப்பர்விஷனுக்குப் போகிறாரா என்றும் கேளுங்கள். தங்கள் கேஸ்களை இன்னொரு மூத்தவரிடம் கொண்டுபோய்ப் பேசுவதற்கு அந்தத் தொழிலில் வைத்திருக்கிற பெயர் அது. மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆமாம், அது என் தப்பு என்றால், நல்ல ஆள், தொடருங்கள். முதல் நான்கு செஷன்கள் வீண்போகவில்லை. “நீங்க ரொம்ப சென்சிட்டிவ்” என்றோ, “அப்பா போன துக்கத்துல உங்களுக்கு அப்படித் தோணுது” என்றோ சொன்னால் அன்றைய பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுங்கள். திரும்பக் கண் கலங்கினால் பெட்டியை நகர்த்தாதீர்கள். கஷ்டம்தான், தெரியும். கை தானாகப் போகும்.

ஒன்று மட்டும். செஷன் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இதை ஆரம்பிக்காதீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்வோம், செருப்பு மாட்டிக்கொண்டே முக்கியமான விஷயத்தைச் சொல்வோம். உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். அண்ணனோடு பேசுவதா வேண்டாமா என்பதை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்